பந்து யாரிடம் என்று சொல்லுங்கள்



சமையலும் பிள்ளை வளர்ப்பும் பேசுகின்ற பக்கங்களில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள், குற்றமில்லை. ஆனால் உலகக் கிண்ணம் நடக்கும் மாதத்தில் உங்கள் வீட்டு டீவியின் ரிமோட் யார் கையில் இருக்கிறது, தேத்தண்ணிக் கோப்பை யார் கையில் இருக்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஆண்களும் பிள்ளைகளும் முன் அறையில் குந்திக்கொண்டு ஆட்டத்தை முழுதாகப் பார்க்கிறார்கள். நாம் குசினி வாசலில் நின்று ஐந்து நிமிடம், பால் பொங்கும் முன் இரண்டு நிமிடம், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகப் பார்க்கிறோம். ஓர் ஆட்டத்தை டீவியில் எப்படிக் காட்டினால் நல்லது என்று முழுதாகப் பார்க்கிறவர்களிடம் கேட்பதைவிட நம்மிடம் கேட்பதுதான் சரி என்பது என் அபிப்பிராயம். எது குறைகிறது என்பது நமக்குத்தானே தெரியும்!

எனக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. என் வாப்பா ஒரு காலத்தில் கண்டி போகம்பறை மைதானத்தில் பந்து ஆடியவர். பெயரெடுத்த ஆட்டக்காரர் அல்லர். கடையைப் பூட்டிய கையோடு ஓடிப்போய் ஆடுகிறவர்களில் ஒருவர். கலியாணமான பிறகும் சில வருடங்கள் ஆடினாராம். உம்மா அதை ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் அன்று மைதானத்துக்குப் போவதில்லை. டீவியோ நாட்டிலேயே இல்லை. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தொடங்கியபோது வாப்பா ஆட்டத்தை விட்டுக் கனகாலம். ஆக, உம்மாவுக்கு வாப்பாவின் ஆட்டம் தெரிந்ததெல்லாம் இரண்டு வழியில்தான்: ஒன்று வாப்பா வந்து சொன்ன கதைகள், மற்றது சேறு படிந்த காற்சட்டைகள்.

இப்போது வாப்பாவுக்குப் பார்வை இல்லை. சீனி வருத்தம் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகக் கண்ணை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. லேசர் வைத்தார்கள், வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. (சீனி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டிவிடுங்கள். மங்கத் தொடங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.) பார்வை போன ஒழுங்கை நான் உதைபந்தாட்டத்தை வைத்துத்தான் அறிந்தேன். முதலில் பந்து போனது. பிறகு முதுகில் உள்ள இலக்கங்கள் போயின. பிறகு இரண்டு அணிகளின் நிறங்களும் ஒன்றாயின. கடைசியில் பச்சை வெளிச்சம் மட்டும் மிஞ்சி, அதுவும் போனது.

பந்து போன இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2014 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியாவும் ஜெர்மனியும் மோதிய ஆட்டம். பிரேசிலில் ஜூன் 30, நமக்கு ஜூலை முதலாம் திகதி அதிகாலை ஒன்றரை மணி. நோன்பின் ஆரம்ப நாட்கள். எப்படியும் சஹருக்கு எழும்ப வேண்டும் என்று வீடே விழித்திருந்தது. தொண்ணூறு நிமிடத்திலும் கோல் இல்லை. மேலதிக நேரம் போய், ஜெர்மனி இரண்டு கோல் அடித்து, அல்ஜீரியா கடைசி மூச்சில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, ஆட்டம் முடியும்போது சஹர்ச் சாப்பாட்டுக்கு நேரம் சரியாக இருந்தது. அந்த ஆட்டத்தின் இடையில்தான் வாப்பா தாழ்ந்த குரலில், "பந்து எங்க புள்ள ஈக்கிது?" என்று கேட்டார். அன்று தொடங்கியது எனக்கு இந்த உத்தியோகம். ஆட்டம் பார்ப்பதும் ரொட்டி திருப்புவதும் வாப்பாவுக்குச் சொல்வதும் ஒரே நேரத்தில்.

சொல்லத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. டீவியில் பேசுகிறார்களே, நேர்முக வர்ணனையாளர்கள், அவர்கள் ஆட்டத்தைச் சொல்வதே குறைவு. இந்த வீரரை எத்தனை கோடி கொடுத்து வாங்கினார்கள், பயிற்றுவிப்பாளருக்கும் நிர்வாகத்துக்கும் என்ன மனஸ்தாபம், போன வருடம் இதே நாளில் என்ன நடந்தது என்று பேசிக்கொண்டே போகிறார்கள். பந்து இப்போது யாரிடம்? அதுதான் படத்தில் தெரிகிறதே என்பது அவர்கள் எண்ணம். படம் தெரியாத ஒருவரை, அல்லது முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகின்ற ஒருத்தியை, அவர்கள் நினைப்பதில்லை.

ஆனால் இந்தத் தொழில் தொடங்கிய கதையைக் கேளுங்கள். 1927 ஜனவரியில் பி.பி.சி. வானொலி முதன்முதலாக விளையாட்டை நேரடியாக வர்ணித்தது. 15ஆம் திகதி இங்கிலாந்து - வேல்ஸ் ரக்பி ஆட்டம். ஒரு வாரம் கழித்து 22ஆம் திகதி ஆர்சனல் - ஷெஃபீல்ட் யுனைட்டட் உதைபந்தாட்டம். இரண்டையும் வர்ணித்தவர் வேக்லம் என்பவர். அவருக்கு முன்னால் வழிகாட்ட யாருமில்லை. எப்படிப் பேசுவது என்று அவருக்கு விளங்குவதற்காக, ரக்பி ஆட்டத்தின்போது பார்வையற்ற ஒருவரை அழைத்து வந்து அருகில் அமர்த்தி, இவருக்கு எடுத்துச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்றார்களாம். உதைபந்தாட்டத்துக்கு இன்னொரு ஏற்பாடும் செய்தார்கள். மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, இலக்கமிட்டு, வானொலிச் சஞ்சிகையில் படமாக அச்சிட்டார்கள். வேக்லம் ஆட்டத்தைச் சொல்ல, இன்னொருவர் பந்து நிற்கும் கட்டத்தின் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்பவர் படத்தை மடியில் வைத்து விரலால் பின்தொடரலாம். பார்வையற்ற ஒருவருக்குச் சொல்லிப் பழகிய தொழில், படம் வந்ததும் அவரை மறந்துவிட்டதே!

இந்தக் கதையைக் கேட்டதும் வாப்பாவுக்கு ஒரே குஷி. எட்டுக் கட்டத்தை மனப்பாடம் செய்ய அவருக்குப் பொறுமை இல்லை. எனவே தன் மைதானத்தையே எடுத்துக்கொண்டார். டீவியின் இடது கைப் பக்கம் எந்நாளும் 'மறியல் பக்கம்'. போகம்பறைச் சிறைச்சாலையைத்தான் சொல்கிறார். வலது கைப் பக்கம் 'மற்றப் பக்கம்'. அதற்கு ஏன் பெயரில்லை என்று கேட்டால், அந்தப் பக்கம் தான் அதிகம் கோல் அடிக்கவில்லை என்கிறார். சிறைச்சாலையை 2014 தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் திறந்துதான் இருக்கிறது. "மறியல் பக்கத்துக் கோர்னர், உயர்த்தி அடிக்கிறான், காப்பாளர் குத்தி விட்டார்" என்றால் வாப்பா கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இது நடப்பதற்கு டீவிக்காரர்களின் ஒரு நல்ல வழக்கமும் காரணம். பிரதான கமராக்கள் எல்லாம் மைதானத்தின் ஒரே பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக உயரத்தில் நிற்கும். அதனால் இடது இடதாகவே இருக்கும். எதிர்ப் பக்கத்துக் கமராவிலிருந்து திடீரென்று காட்டினால் நமக்கே தலை சுற்றும். ஆகவே என் முதல் வேண்டுகோள் எளியது: பந்து ஓடும்போது அந்த உயரத்துக் கமராவிலேயே இருங்கள். வீரரின் முகத்து வியர்வையைப் பந்து வெளியே போன பிறகு காட்டலாம். மீள்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே ஆட்டம் தொடங்கிவிட்டதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! வாப்பா கேட்பார், "இப்ப நடக்கிறதா, முந்தி நடந்ததா?" நான் என்னவென்று சொல்வது?

மூலையில் கோல் கணக்கும் நேரமும் எப்போதும் தெரிவது நமக்கெல்லாம் பெரிய உதவி. அடுப்படியிலிருந்து வந்தவள் யாரையும் கேட்காமல் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம். இது ஆதியிலிருந்து இருந்ததல்ல. 1992இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஸ்கை தொலைக்காட்சியில் டேவிட் ஹில் என்பவர் இதைக் கொண்டுவந்தார். டீவியைப் போட்டுவிட்டு, கணக்கு என்னவென்று யாராவது சொல்லும் வரை காத்திருப்பது அவருக்கு எரிச்சலாக இருந்ததாம். மேலதிகாரி எதிர்த்தும் அவர் எடுக்க மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அவருக்கு நம் சார்பில் ஒரு நன்றி. ஆனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடக் கூடாதா? அணியின் பெயரை மூன்று எழுத்தாக வெட்டி, எறும்பு அளவில் போட்டால் வெள்ளெழுத்து வந்த உம்மாமார் என்ன செய்வார்கள்? கணக்கை வாயாலும் அடிக்கடி சொல்ல வேண்டும். படத்தில் இருப்பது வாப்பாவுக்கு இருப்பதாகாது.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியுமா? உதைபந்தாட்டத்தில் ஓவருக்கு ஓவர் இடைவெளி கிடையாது. 2010 ஜூன் 12ஆம் திகதி, உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்து அமெரிக்காவுக்கு எதிராக நான்காவது நிமிடத்தில் கோல் அடித்தது. ஐ.டி.வி.யின் உயர்தெளிவு அலைவரிசையில் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களுக்குத் தெரிந்தது கோல் அல்ல, ஒரு கார் விளம்பரம். விளம்பரத்துக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே 1994 உலகக் கிண்ணத்தை ஆட்டத்தின் நடுவில் வெட்டாமல்தான் காட்டினார்கள். கம்பனிகளின் சின்னத்தைக் கடிகாரத்தின் பக்கத்தில் சிறிதாகப் போட்டுச் சமாளித்தார்கள். வெட்டுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு 2002ஐ நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் துருக்கியின் ஹகன் ஷூகூர் தென் கொரியாவுக்கு எதிராகப் பதினொரு விநாடியில் கோல் அடித்தார். நமக்கு அது மாலை ஐந்து மணி. பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்த எத்தனை பேர் அதைத் தவறவிட்டோம்!

இனி, கூட்டத்தைக் காட்டுவது. பிள்ளைகளோடும் மாமனாரோடும் இருந்து பார்க்கின்ற வீடுகளில் சட்டென்று முகத்தைத் திருப்ப வைக்கும் காட்சிகள் வருவது உங்களுக்குத் தெரியும். கமராக்காரர் கூட்டத்தில் அழகான இளம்பெண்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார். இது நமக்கு மட்டும் பட்ட குறையல்ல. 2018இல் ரஷ்யாவில் உலகக் கிண்ணம் நடந்தபோது ஃபீஃபாவே ஒளிபரப்பாளர்களிடம் இதைக் குறைக்கச் சொன்னது.

அதே கூட்டத்தில் காட்ட வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. 2022 டிசம்பர் 10, கத்தாரில் மொரோக்கோ போர்த்துக்கலை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. ஆபிரிக்க நாடொன்று அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஆட்டம் முடிந்ததும் சுஃபியான் பூஃபாலின் தாயார், தலையை மூடிய உடையோடு, மைதானத்துக்குள் இறங்கி மகனோடு கைகோத்து ஆடினார். கமரா வேறெங்கும் ஓடாமல் அவர்களோடு நின்றது. நான் வாப்பாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன் உம்மா சொல்லத் தொடங்கிவிட்டார். "அவட உம்மா வந்தீக்கி. புள்ளைட கையப் பிடிச்சிக்கிட்டு சிரிக்கிறா." உம்மா ஓர் ஆட்டத்தை வாப்பாவுக்குச் சொன்னது அன்றுதான். பந்து உருண்ட தொண்ணூறு நிமிடமும் அவர் வாயே திறக்கவில்லை!

இப்படிப்பட்ட விஷயங்களில் வர்ணனையாளர் இரண்டு சொல் சேர்த்துச் சொன்னால் குறைந்தா போவார்? 2023 ஜூலை 30ஆம் திகதி அடிலெய்டில், பெண்கள் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். அந்தப் போட்டியில் அப்படி ஆடிய முதல் வீராங்கனை அவர். தலையை மூடி ஆடுவதற்கு இருந்த தடையை ஃபீஃபா முற்றாக நீக்கியது 2014இல்தான். அதைச் சொன்னால், ஏன் இது செய்தி என்று குசினியிலிருந்து எட்டிப் பார்க்கிற பிள்ளைக்கும் விளங்கும். 2021 ஏப்ரல் 26, லெஸ்டர் - கிறிஸ்டல் பலஸ் ஆட்டத்தில் காப்பாளர் பந்தை அடிக்காமல் சற்றுத் தாமதித்தார். அது இரண்டு வீரர்கள் நோன்பு திறப்பதற்காக. காரணம் தெரியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் தாமதம்தானே.

சத்தத்தைப் பற்றி வாப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 2020இல் நோய்த் தொற்றுக் காலம். மார்ச் மாதம் அக்குறணையை மூடினார்கள். கண்டியிலும் ஊரடங்கு. பிறகு மே மாதம் ஜெர்மனியில் ஆட்கள் இல்லாத மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. ஜூனில் இங்கிலாந்திலும் தொடங்கியபோது, கணினி விளையாட்டிலிருந்து எடுத்த கூட்டச் சத்தத்தைச் சேர்த்துப் போட்டார்கள். வேண்டாதவர்கள் இல்லாமலும் கேட்கலாம் என்று ஏற்பாடு வைத்தார்கள். வாப்பாவுக்கு இல்லாததுதான் பிடித்தது. காலில் பந்து படும் சத்தம், "விடு, விடு" என்று காப்பாளர் கத்துவது, கம்பத்தில் பட்ட 'டங்' எல்லாம் கேட்டது. மெதுவாக உருட்டிய பந்தா, ஓங்கி அடித்ததா என்று என்னைக் கேட்காமலே சொன்னார். கூட்டத்தின் சத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் ஆபத்து வருகிறது என்று முதலில் சொல்வது. ஆனால் வர்ணனையாளரின் குரல் இரண்டையும் அமுக்கிவிடுகிறது. பந்தடிக்கும் சத்தம் கேட்க இடம் விட்டுப் பேசுங்கள் என்பது வாப்பாவின் விண்ணப்பம்.

தீர்ப்புகளும் அப்படித்தான். கண்டிக்காரருக்கு ரக்பி பழக்கம். நித்தவெலையில் ஆட்டம் பார்த்து வளர்ந்த என் தம்பி சொல்வான், பெரிய ரக்பி ஆட்டங்களில் மத்தியஸ்தர் பேசுவதை டீவியில் நேராகக் கேட்கலாம் என்று. உதைபந்தாட்டத்தில் அவர் காதைப் பிடித்துக்கொண்டு ஊமையாக நிற்பார், நாமும் நிற்போம். 2022 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே, மூன்றாவது நிமிடத்தில், ஈக்குவடோர் அடித்த கோலை ஓஃப் சைட் என்று தள்ளினார்கள். கூரைக்குக் கீழே பன்னிரண்டு கமராக்கள், ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 இடங்களை விநாடிக்கு ஐம்பது தடவை அளக்கின்றன என்றார்கள். அளந்தது சரி. யாருடைய கால் எங்கே இருந்தது என்பதை உடனே ஒருவர் வாயால் சொல்லியிருக்கலாமே! 2023 பெண்கள் உலகக் கிண்ணத்தில் மத்தியஸ்தர்கள் ஒலிவாங்கியில் தீர்ப்பைச் சொன்னார்கள். நல்ல ஆரம்பம்.

மொழி ஒரு பெரிய குறை. எங்கள் வீட்டில் சிங்களமும் விளங்கும், ஆங்கிலமும் ஓரளவு விளங்கும். ஆனாலும் தமிழில் கேட்கும் ஆசை வேறு. 2022இல் இந்தியாவில் இணையவழி ஒளிபரப்பில் தமிழ் வர்ணனை கொடுத்தார்கள். கத்தாரின் மைதானங்களிலேயே பார்வையற்றவர்களுக்கென்று அரபியிலும் ஆங்கிலத்திலும் தனி வர்ணனை இருந்தது. தமிழும் அந்த விதமான வர்ணனையும் ஒன்றாக வந்தால் எப்படி இருக்கும் என்று வாப்பா கனவு காண்கிறார். கலைச்சொல் தேடி யாரும் கஷ்டப்பட வேண்டாம். நம் பிள்ளைகள் ஒழுங்கையில் ஆடும்போது என்ன கத்துகிறார்களோ அது போதும்.

சூதாட்டக் கம்பனிகளின் பெயர் வீரர்களின் நெஞ்சில் எழுதியிருப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்து, "இது என்ன?" என்று கேட்கும். பிரீமியர் லீக் கழகங்கள் 2025-26 பருவத்தின் முடிவோடு நெஞ்சுப் பக்கத்திலிருந்து அதை எடுப்பதாக 2023 ஏப்ரலில் முடிவு செய்தன. சட்டைக் கைக்கும் மைதான ஓரப் பலகைக்கும் அந்த முடிவு கிடையாது.

நம் ஊர் ஆட்டங்களுக்கு வருவோம். 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை இலங்கை வென்ற நாடு இது. கொழும்பில் இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்தது. அதே நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை 2023 ஜனவரியில் ஃபீஃபா இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் திரும்ப எடுத்தது. கிரிக்கட்டுக்குக் கிடைக்கும் கமராவில் பத்தில் ஒரு பங்கு நம் உதைபந்தாட்டத்துக்குக் கிடைப்பதில்லை. ஆனால் இப்போது பாடசாலை ஆட்டங்களைக்கூட யாராவது ஒருவர் கைபேசியில் நேரடியாகக் காட்டிவிடுகிறார்கள். போன வருடம் என் தம்பி மகன் ஆடிய ஆட்டம் அப்படித்தான் வந்தது. கணக்கு இல்லை, நேரம் இல்லை, வர்ணனை இல்லை. கைபேசியைப் பிடித்திருந்தவர் கோல் விழுந்ததும் தானும் துள்ளியதால் இரண்டு நிமிடம் வானம்தான் தெரிந்தது. ஆனால் தமிழில் கூச்சல் மட்டும் தாராளமாக இருந்தது. யார் ஓடுகிறான், யார் விழுந்தான் என்று பேர் சொல்லியே கத்தினார்கள். நான் அதிகம் சொல்லவே தேவைப்படவில்லை.

தம்பி மகன் வலது பக்கத்தில் ஓடுகிறவன். ஒரு தடவை பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாகவே ஓடினான். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியை முகத்துக்குக் கிட்டே பிடித்திருந்தார். "உங்களப் போலயா ஓடுறான்?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

வாப்பா, "எனக்கெங்க தெரியும்? நீதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

"நான் எங்க உங்கள் ஆட்டத்தக் கண்ட?" என்றார் உம்மா.

இருவரும் சிரித்தார்கள். பந்து அதற்குள் மறியல் பக்கத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. நான் அதையும் சொன்னேன்.